ஜிபார் எழுதிய பழங்கதை

கிர்கிஸ் மலையைக் குடைந்து போட்ட அந்தச் சாலையின் வடக்கு வாசலில், பச்சை பெயின்ட் அடித்த ஓர் இரும்பு அறைக்குள் ஜிபார் உட்கார்ந்திருப்பாள். சுரங்கத்தில் ஒரே நேரத்தில் ஒரு பக்கத்து வண்டிகள்தான் போகலாம். சிவப்பு விளக்கைப் பச்சையாக்குவது, பச்சையைச் சிவப்பாக்குவது, வண்டிகளிலும் இருக்கும் ரேடியோ மைக்கில் ஓட்டுநர்களோடு பேசுவது, தென் வாசலில் இருக்கும் துர்து பைக்கேயிடம், துர்து அண்ணனிடம், "கடைசி வண்டி நீல லாரி" என்று அறிவிப்பது, இவ்வளவுதான் வேலை. ஏழு நாள் மேலே, ஏழு நாள் கீழே காரா-பால்தாவில் தங்கை பெர்மெத்தின் வீட்டில்.

அந்த உயரத்தில் பாதி நாட்கள் மேகம் அறைக்குள்ளேயே வந்துவிடும். கதவைத் திறந்தால் பழகிய நாய் மாதிரி காலடியில் நுழைந்து, அடுப்புப் பக்கத்தில் கொஞ்ச நேரம் கிடந்து, பிறகு எங்கே போனதென்று தெரியாமல் போய்விடும். அந்த மாதிரி நாட்களில் வெளியே லாரிகள் தெரியாது. அவற்றின் மஞ்சள் விளக்குகள் மட்டும், யாரும் பிடித்திராத லாந்தர்கள் போல ஆகாயத்தில் மிதக்கும். ஜிபார் புத்தகத்தை எடுப்பது அப்போதுதான்.

இல்லாத நாடுகளைப் பற்றிய கதைகளைத் தவிர வேறெதையும் அவள் படிப்பதில்லை. கொடிகள் பேசும் காடு, கடலுக்கடியில் சந்தை கூடும் ஊர், நிழலை அடகு வைக்கும் அரசன் என்று இருந்தால் போதும். எல்லாம் ரஷ்ய மொழியில், அட்டை கிழிந்து, எண்ணெய்க் கறை படிந்து லாரிகளில் வந்து சேர்ந்தவை. ஓட்டுநர்களுக்கு அவளுடைய பைத்தியம் தெரியும். எந்த விடுதியில் எவன் விட்டுப்போன புத்தகமானாலும், அட்டையில் வாளோ கோட்டையோ இருந்தால், "இது வடக்கு வாசல் எஜெக்கு" என்று எடுத்து வைத்துவிடுவார்கள். அவளுக்கு முப்பத்தாறு வயதுதான். ஆனால் தலை நரைத்த ஓட்டுநர்களுக்கும் அவள் எஜெ, அக்கா. விளக்கு அவள் கையில் இருந்ததே.

படிக்கும்போது கன்னத்தில் ஒரு குருத், காய்ந்த தயிர் உருண்டை, கிடக்கும். கடிக்க மாட்டாள். அது தானாகக் கரைந்து முடிவதற்குள் ஏறக்குறைய பதினேழு பக்கம் ஓடியிருக்கும். கதை நன்றாக இருந்தால் உருண்டை இருப்பதையே மறந்துபோவாள். கதையில் வரும் ஊர்ப் பெயர்களை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பாள். அந்தப் பெயரால் ஒரு குதிரையைக் கூப்பிட முடியாது என்றால் அந்த ஊரை நம்ப மாட்டாள். புத்தகத்தின் முன்னால் வரைபடம் இருந்தால் அதை நூல் சுற்றிக் கட்டிவிட்டு, முழுக்கப் படித்தபின் தானே ஒரு படம் வரைந்து, பிறகுதான் அவிழ்த்துப் பார்ப்பாள். பெரும்பாலும் அவள் வரைந்ததில்தான் ஆறுகள் ஒழுங்காகக் கீழ்நோக்கி ஓடும்.

கல்யாணம் ஒன்று நடந்தது. மூன்று வருஷம் இருந்தது. அவன் ரஷ்யாவுக்கு வேலைக்குப் போனான், அங்கேயே தங்கிவிட்டான். அதை அவள் ஒரு பெரிய கதையாக நினைக்கவில்லை.

எழுத ஆரம்பித்தது ஒரு கிழிந்த புத்தகத்தால். முதல் நாற்பது பக்கம் போன ஒரு தடிப்புத்தகம். நாற்பத்தோராம் பக்கத்தில் ஒரு பெண் எரியும் பாலத்தில் நின்றுகொண்டிருந்தாள். எப்படி அங்கே வந்தாள்? அந்தக் கேள்வி ஜிபாரை இரண்டு வாரம் விடவில்லை. கடைசியில் பணிக்குறிப்புத் தாள்களின் பின்பக்கத்தில் அந்த நாற்பது பக்கத்தை அவளே கிர்கிஸில் எழுதினாள். ஒரு வருஷம் கழித்து தலைநகர் பிஷ்கெக்கில் பழைய புத்தகக் கடையில் முழுப் பிரதி ஒன்று கண்ணில் பட்டது. நின்ற இடத்திலேயே முதல் அத்தியாயத்தைப் படித்தாள். சத்திரத்தில் இரண்டு ஆண்கள் உட்கார்ந்து மது குடித்தபடி வரி உயர்வைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஜிபார் புத்தகத்தை மூடி வைத்தாள். தன்னுடைய நாற்பது பக்கம் இதைவிட நல்லது என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றிய மாத்திரத்தில் காதெல்லாம் சூடாகிவிட்டது.

அவளுடைய சொந்தக் கதைக்கு வித்து போட்டவர் துர்து பைக்கே, அவருக்கே தெரியாமல். சுவர் நாட்காட்டியில் தாளைக் கிழிக்க அவர் எப்போதும் மறந்துபோவார். ஒவ்வொரு காலையும் மைக்கில் இதே பேச்சுத்தான்.

"ஜிபார், இன்னைக்குச் செவ்வாய்தானே?"

"புதன், பைக்கே."

"இங்க செவ்வாய்தான் போட்டிருக்கு."

மலைக்கு அந்தப் பக்கம் எப்போதும் நேற்று. இந்த நினைப்பு அவளுக்குள் விழுந்தபோது வெளியே பனிமூட்டத்தில் யாரோ ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள். அது வேறு நாட்டிலிருந்து வரும் சத்தம் போல இருந்தது.

அப்படிப் பிறந்தவள் அய்சிரெக். காற்றுகளை ஆட்டுத்தோல் பைகளில் கட்டி மலைக்குள் சுமந்து போகிறவள். ஏழு பைகள், ஆறு காற்றுகள்; ஏழாவது காலிப் பை என்பாள். மலையைக் கடந்து அந்தப் பக்கம் வெளியேறினால் அங்கே நேற்றைய வெயில், நேற்றைய புகை, நேற்று செத்த ஆடு இன்னும் புல் மேய்ந்துகொண்டிருக்கும். பிரிந்தவர்களை ஒருமுறை பார்க்க ஜனங்கள் அவளிடம் வழி கேட்டு வருவார்கள். அவள் ஒரு வெள்ளைக் குதிரையைக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பாள். ஒருபோதும் ஏற மாட்டாள். ஆறு வருஷம் ஜிபார் இதை எழுதினாள். பெர்மெத் பள்ளிக்கூட ஆசிரியை. பள்ளிக் கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்தது அவள்தான்.

"அக்கா, உன் அய்சிரெக் அறுபது பக்கமா நடந்துக்கிட்டே இருக்கா. எனக்கு விரல் வலிக்குது. எங்கயாவது உக்காந்து டீ குடிக்கச் சொல்லேன்."

"மலைக்குள்ள எங்கடி டீ?"

"காத்தைப் பையில கட்டுறவளுக்கு ஒரு டீ போடத் தெரியாதா?"

முதலில் தலைநகரின் ஒரு பத்திரிகைக்கு அனுப்பினாள். 'எங்கள் வாசகர்களுக்கு இத்தகைய காற்றுகளில் நம்பிக்கையில்லை; உழைக்கும் மேய்ப்பர்களின் உண்மை வாழ்க்கையை எழுதவும்' என்று இரண்டு வரி வந்தது. ஒரு பதிப்பகத்தார், செலவை அவளே ஏற்றுக்கொண்டால் எதையும் அச்சடிப்போம், சமையல் குறிப்பானாலும் சரி என்றார்கள். இன்னொரு இடத்தில் ஒரு வருஷம் பதிலே இல்லை. நேரில் போய்ப் பார்த்தாள். வரவேற்பில் இருந்த பெண் எங்கெங்கோ தேடி, கடைசியில் சரியாக மூடாத ஜன்னல் இடுக்கிலிருந்து அவளுடைய தாள்கட்டை உருவினாள். உருவியதும் அறைக்குள் குளிர்காற்று விர்ரென்று பாய்ந்தது.

"மன்னிச்சுக்குங்க எஜெ, ரொம்ப ஊதுச்சு, அதான்..." என்றாள் அந்தப் பெண்.

ஜிபாருக்குக் கோபம் வரவில்லை. தன் எழுத்தும் ஒரு குளிர்காலம் முழுக்கக் காற்றைப் பிடித்து வைத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டே மினிபஸ் ஏறினாள். பெர்மெத்துக்குத்தான் ஆத்திரம் தாங்கவில்லை. "நீயே அவங்களுக்கு ஜன்னலும் வாங்கிக் கொடுத்துட்டு வந்திருக்கலாமே!"

அந்த வருஷம் மே மாதக் கடைசியில் மந்தைகள் மலைக்கு அந்தப் பக்கத்துச் சூசமிர் மேய்ச்சல்வெளிக்குப் போயின. மந்தை சுரங்கத்துக்குள் நுழைந்துவிட்டால் ஆடு எப்போது வெளியே வருகிறதோ அப்போதுதான் வண்டிக்கு வழி. அன்றைக்கு ஆயிரத்துக்கு மேல் ஆடுகள். இருபத்தாறு லாரிகள் வாசலில் நின்றன. மேகம் இறங்கி எல்லாவற்றையும் மூடியது. மைக்கில் ஒரே சண்டை.

"எஜெ, எனக்குத் தக்காளி அழுகுது!"

"உனக்குத் தக்காளி, எனக்கு ஐஸ்கிரீம்டா!"

"யாருடா அது ஹாரன் அடிக்கிறது? ஆடு என்ன உன் மாமியாரா, சத்தம் போட்டா நகர?"

துர்து பைக்கே குறுக்கே வந்தார். "ஜிபார், இவனுங்க வாயை அடைக்கிற மாதிரி எதாவது சொல்லேன். எப்பவும் படிச்சுக்கிட்டே இருப்பியே."

மேஜை மேல் அவளுடைய நோட்டுத்தான் இருந்தது. ஜிபார் மைக்கைப் பிடித்தாள். 'நான் எழுதியது' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அந்த வார்த்தை வரவில்லை.

"இது ஒரு பழைய கதை," என்றாள். "இந்த மலையைப் பத்தி."

படித்தாள். முதலில் யாரோ ஒருவன் சிரித்தான். பிறகு ஹாரன் நின்றது. மேகத்துக்குள் இருபத்தாறு எஞ்சின்களும் ஒன்றன்பின் ஒன்றாக அணைக்கப்பட்டன. அவளுடைய குரல் அந்த வெண்மைக்குள் போய், கண்ணுக்குத் தெரியாத இருபத்தாறு அறைகளில் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தது. ஆடுகள் வெளியே போய்ச் சேர்ந்ததை துர்து பைக்கே ஐந்து நிமிஷம் தாமதமாகத்தான் சொன்னார்.

"அந்தப் பக்கம் வந்ததும் அவ என்ன பாத்தாங்கிறது முடியட்டும்னு இருந்தேன்," என்றார்.

அதற்குப் பிறகு கேட்காத நாளில்லை. "எஜெ, அந்தப் பழைய கதை?" என்று ஒருவன் ஆரம்பிப்பான். காத்திருப்பு பத்து நிமிஷமானால் பத்து நிமிஷக் கதை, கால் மணியானால் கால் மணிக் கதை. பாதியில் பச்சை விளக்கு விழும்; வண்டிகள் கதையைத் துண்டு துண்டாக எடுத்துக்கொண்டு மலைக்குள் போய்விடும். தாலாஸுக்குப் போனது ஒரு துண்டு, ஓஷுக்குப் போனது ஒரு துண்டு. ஒரு நாள் நிலக்கரி லாரிக்காரன் ஒருவன் இன்னொருவனுக்கு அதே கதையை அவளுடைய அறை வாசலிலேயே நின்று சொன்னான். அவன் சொன்ன கதையில் அய்சிரெக்குக்கு ஒரு தம்பி இருந்தான். ஜிபார் தேநீர்க் கோப்பையோடு அசையாமல் நின்று கேட்டாள். அந்தத் தம்பியை அவளுக்கும் பிடித்துப்போயிற்று.

அடுத்த வருஷம் வசந்தத்தில் நான்காவதாக அனுப்பிய பதிப்பகத்திலிருந்து கூப்பிட்டார்கள். பிஷ்கெக்கில், திரைச்சீலைக் கடைக்கு மாடியில் இரண்டே அறைகள். பதிப்பாசிரியர் குல்பார்ச்சினுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும்; சூரியகாந்தி விதையைக் கொறித்தபடியே பேசினாள்.

"நல்லா எழுதியிருக்கீங்க. ரெண்டு நாள் கீழ வைக்கவே இல்ல. ஆனா இது உங்க கதை இல்லையே?"

"என்ன எஜெ சொல்றீங்க?"

"பழைய கதைம்மா. எங்க வண்டி ஓட்டுற ஜிர்கால் போன வருஷமே சொன்னான். அவன் மச்சானோட தாத்தா காலத்துல நடந்ததாம்." குல்பார்ச்சின் விதைத் தோலை ஒதுக்கிவிட்டுக் கனிவாகவே சொன்னாள். "அதனால ஒண்ணும் கெட்டுப்போகல. 'கேட்டுத் தொகுத்தவர் ஜிபார்'னு போட்டுக்கலாம். நாட்டுப்புறக் கதைன்னா அச்சுச் செலவுக்கு உதவிப் பணம் கிடைக்கும். இந்த இலையுதிர் காலத்துலயே புத்தகம் உங்க கையில. யோசிச்சு மத்தியானம் சொல்லுங்க."

ஜிபார் வெளியே வந்தாள். தெருவோர வாய்க்காலில் மலையிலிருந்து வந்த பனித்தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஓக் மரங்களில் அப்போதுதான் இலை விட்டிருந்தது. வெயில் அதன் வழியாகப் பச்சையாக இறங்கியது. அவளுக்குச் சிரிப்பு வந்தது, பின்னாலேயே அழுகையும் வந்தது. ஒரு வார்த்தை சொல்லக் கூச்சப்பட்டதற்கு ஆறு வருஷத்தை மலைக்கே எழுதிக் கொடுத்துவிட்டாள். தொகுத்தவர் என்றாலும் பெயர் அட்டையில் வரும், பெர்மெத் பள்ளி முழுக்கக் காட்டுவாள். அவள் நடந்தாள். நடக்க நடக்க அய்சிரெக்கும் பக்கத்தில் நடப்பது போலிருந்தது, கயிற்றில் வெள்ளைக் குதிரையோடு, பேருந்து நிறுத்தங்களைக் கடந்து. அவளுடைய செருப்பு எந்தத் தோலால் ஆனது, அவளுக்கு எந்தப் பல்லில் வலி என்பதெல்லாம் ஜிபாருக்குத் தெரியும். இதை யாரிடம் கேட்டுத் தொகுத்தாள்?

மத்தியானம் மாடியேறினாள்.

"எஜெ, வேணாம். நான் எழுதுனதுன்னு போட்டா போடுங்க, இல்லன்னா கட்டைக் குடுத்துடுங்க. அது பழைய கதைன்னு ஊருக்குச் சொன்னதே நான்தான். மைக்குல. வெக்கத்துல."

குல்பார்ச்சின் விதை கொறிப்பதை நிறுத்தினாள். பிறகு ஜன்னலைத் திறந்து கீழே கத்தினாள்.

"ஜிர்கால்! வண்டியத் துடைச்சது போதும், மேல வா!"

கை ஈரத்தைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டே ஒரு பருத்த மனிதர் வந்தார்.

"இவங்கதான் உன் காத்துக்காரி கதைய எழுதுனதாச் சொல்றாங்க."

"அதெப்படி?" என்றார் ஜிர்கால். "அது எங்க மச்சானோட தாத்தாவுக்குச் சித்தப்பா பையன் நேர்ல பாத்தது."

"குதிரையையும் பாத்தாரா, பைக்கே?" என்று ஜிபார் மெதுவாகக் கேட்டாள்.

"பாக்காம? வெள்ளைக் குதிரை."

"அவ ஏன் அதுல ஏறவே மாட்டேங்குறா?"

ஜிர்கால் கையை விரித்தார். "அதான் யாருக்கும் தெரியாதே. மச்சான் கிட்டயும் கேட்டேன். கால்ல ஏதோ குறைன்னான். எனக்கு ஒப்பல. குறையிருக்கிறவ அவ்வளவு தூரம் நடப்பாளா?"

"குதிரை நேத்தையக் குதிரை, பைக்கே. அந்தப் பக்கத்துலருந்து அவ பின்னாலயே வந்துடுச்சு. ஏறி உக்காந்தா அவளும் நேத்தையவ ஆயிடுவா. திரும்ப இன்னைக்குள்ள வர முடியாது. ஒவ்வொரு நாளும் கால் வலிக்கும்போது ஏறலாமான்னு நினைப்பா. அதுவும் முதுகைக் காட்டி நிக்கும்."

ஜிர்கால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சரி, ஏழாவது பை? கிழிஞ்சதுன்னு ஒருத்தன் சொல்றான், அவ வித்துட்டான்னு ஒருத்தன் சொல்றான்."

"கிழியவும் இல்ல, விக்கவும் இல்ல. அதுல காத்தே கிடையாது. அவ அம்மா கடைசியா விட்ட மூச்சு இருக்கு. அது காலியான பைன்னு சொல்லி எல்லாரையும் ஏமாத்திக்கிட்டு இருக்கா."

"அட," என்றார் ஜிர்கால். கண்ணைத் தேய்த்துக்கொண்டார். "அந்த உப்பு விக்கிறவன்? பாதி வழியில திரும்பிப் போனானே?"

ஒரு மணி நேரம் கேள்வி போனது. குல்பார்ச்சின் ஊற்றி வைத்த தேநீர் மூன்று பேருக்கும் ஆறிப்போனது. கடைசியில் ஜிர்கால் எழுந்து, குல்பார்ச்சினைப் பார்த்து, சாட்சிக் கூண்டில் நிற்பவர் போலச் சொன்னார்.

"எங்க மச்சானுக்கு இதுல ஒண்ணும் தெரியாது. இன்னொண்ணு இப்பதான் நினைப்பு வருது. அவன் தாத்தா மலைப் பக்கமே போனதில்ல. கீழ தர்பூசணித் தோட்டம் வெச்சிருந்தாரு."

குல்பார்ச்சின் சிரித்தாள். கட்டை எடுத்து முதல் பக்கத்தில் பென்சிலால் 'எழுதியவர்' என்று போட்டாள். "உதவிப் பணம் இனி கிடைக்காது. நேரமாகும். அவ நடக்குற அந்த அறுபது பக்கத்தையும் பாதியா வெட்டணும்."

"கால்வாசி," என்றாள் ஜிபார்.

"மூணுல ஒண்ணு. இதுக்கு மேல பேசாதீங்க."

மலைக்குத் திரும்பிய முதல் நாளே அவள் மைக்கில் உண்மையைச் சொன்னாள். வரிசையில் பத்து வண்டிகள் நின்றன. யாரும் நம்பவில்லை.

"சும்மா இரு எஜெ, எங்க ஊர்ல எல்லாருக்கும் தெரியும் அந்தக் கதை," என்றான் தாலாஸ்காரன். ஒருவன் மனம் புண்பட்டு இரண்டு வாரம் அவளோடு பேசவே இல்லை. துர்து பைக்கே மட்டும் கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப கதையில கிழமை மறந்துபோற அந்த ஆட்டுக்காரக் கிழவன் நான்தானா?" என்று கேட்டார். அவள் ஆமாம் என்றதும், "இன்னும் கொஞ்சம் உயரமா எழுதியிருக்கலாம்," என்றார்.

புத்தகம் வர இரண்டரை வருஷம் பிடித்தது. அறுநூறு பிரதிகள். பெர்மெத் முப்பதை வாங்கிப் பள்ளியில் பரிசு கொடுக்க வைத்துக்கொண்டாள். எழுத்துப்பிழை ஒன்றைக் கண்டுபிடித்து, அதைத் தான் தட்டச்சு செய்யவில்லை என்று ஒரு வாரம் வாதாடினாள். மற்றவை கடைகளில் இருந்ததைவிட லாரிகளில்தான் அதிகம் இருந்தன; முன்கண்ணாடிக்குக் கீழே, சிகரெட் பெட்டிகளோடு.

அக்டோபரில் ஒரு மத்தியானம். மேகம் தரையோடு தரையாகக் கிடந்தது. வரிசையில் முதலாவதாக நின்ற ஜும்கால் ஊர்க்காரனின் நிலக்கரி லாரியிலிருந்து குரல் வந்தது.

"எஜெ, உன் புத்தகத்தைப் படிச்சேன். முடிவு தப்பு."

"எது தப்பு?"

"அவ அந்தப் பக்கமே தங்கிடுறான்னு போட்டிருக்கே. எங்க ஊர்ப் பக்கம் சொல்ற கதையில அவ திரும்பி வந்துடுவா."

ஜிபார் குருத்தை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினாள். "எப்படி வருவா? கடைசியில குதிரையில ஏறிட்டாளே."

"அதுக்கு ஒரு வழி இருக்கு. சொல்றேன். மொதல்ல விளக்கை மாத்து, கரி காத்துக்கிட்டிருக்கு."

அவள் பச்சையைப் போட்டாள். லாரி முனகிக்கொண்டு நகர்ந்தது. அவன் ஓட்டிக்கொண்டே சொல்ல ஆரம்பித்தான்: அந்தப் பக்கத்தில் ஒரு கிணறு, கிணற்றடியில் அய்சிரெக், அவளைத் தேடி வந்த அந்தத் தம்பி. வண்டி மலைக்குள் நுழைந்தது. குரல் கரகரத்தது. தம்பி குனிந்து குதிரையின் காதில் ஏதோ சொல்கிறான் என்பதுவரை ஜிபாருக்குக் கேட்டது. பிறகு வெறும் இரைச்சல். அவள் ஒலியைக் கூட்டி வைத்துக்கொண்டு, கதவருகே வந்து, சுரங்கத்தின் கருத்த வாயைப் பார்த்தபடி நின்றாள்.